தலைவலி எத்தனை மணிக்கு வந்தது?

டாக்டர் சீட்டில் பெயர், வயது எல்லாம் இருக்கும். "சி.டி. பிரெய்ன் பிளெயின்" என்று இருக்கும், அதாவது மருந்து ஏற்றாமல் எடுக்கிற மூளை ஸ்கேன். கீழே கிறுக்கலாகத் தலைவலி, வாந்தி என்று ஒரு வரி. கூட வந்தவர்கள் கையில் ஆதார் அட்டை, காப்பீட்டு அட்டை, பழைய மருந்துச் சீட்டுகள் என்று ஒரு துணிக்கடைப் பை நிறையக் காகிதம். தலைவலி எத்தனை மணிக்கு ஆரம்பித்தது என்று கேட்டால் மட்டும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள்.

மதுரையில் ஒரு ஸ்கேன் சென்டரில் சி.டி. டெக்னீஷியனாக இருக்கிறேன். படம் எடுப்பது என் வேலை, அதைப் படித்துச் சொல்வது ரேடியாலஜிஸ்ட் வேலை. அந்த எல்லையைத் தாண்ட எனக்கு ஆசையும் இல்லை, உரிமையும் இல்லை. ஆனால் மூளையைச் சுற்றித் தானாகக் கசிகிற ரத்தம் விஷயத்தில், மெஷின் பக்கத்தில் நிற்கிறவன் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. அந்தப் படத்தை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பது, தலைவலி வந்து எத்தனை மணி நேரத்தில் எடுத்தது என்பதைப் பொறுத்தது. அந்த மணியை மெஷின் சொல்லாது. வீட்டு ஆட்கள்தான் சொல்ல வேண்டும்.

நம்மூர் ஆட்களிடம் கடிகாரத்தைக் கேட்டால் பதில் வராது, வேலையைக் கேட்டால் வரும். பால் கறந்தாச்சா, மினி பஸ் போயிருச்சா, பிள்ளைகள் பள்ளிக்கூடம் கிளம்பிட்டாங்களா, எந்த சீரியல் ஓடிச்சு? இப்படிக் கேட்டுக் கேட்டே மணியைப் பிடித்துவிடலாம்.

செக்கானூரணிப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு அம்மாவைக் கூட்டி வந்தார்கள். ஐம்பதை ஒட்டிய வயது. மகன், "நேத்து நைட்ல இருந்தே தலைவலின்னாங்க சார்" என்றார். பின்னாலேயே வந்த மாமியார்க் கிழவி விடவில்லை.

"அவனுக்கு என்னா தெரியும்? அவன் மில்லுக்குப் போயிட்டான். நேத்து வலிச்சது சும்மா வலி. இன்னைக்குக் காலைல தண்ணி வந்துச்சுல்ல, ரெண்டாவது கொடத்தத் தூக்கி இடுப்புல வச்சா பாருங்க, ஆத்தே மண்ட வெடிச்சுப்போச்சேன்னு அப்புடியே உக்காந்துட்டா. அப்புறம் ஒரே வாந்தி."

"தண்ணி எத்தனை மணிக்கு வரும் அப்பத்தா?"

"ஆறரைக்கு விடுவாய்ங்க."

அப்போது மணி பதினொன்று ஆகப்போகிறது. நாலரை மணி நேரம். சீட்டின் ஓரத்தில் "காலை 6.30, குடம் தூக்கும்போது, திடீரென்று" என்று எழுதிக்கொண்டேன். டாக்டர்கள் தேடுகிற விவரம் அதுதான். மெல்ல மெல்ல ஏறுகிற தலைவலி வேறு, ஒரு நிமிஷத்துக்குள் உச்சத்துக்குப் போகிற தலைவலி வேறு. இரண்டாவது வகையைக் கேட்டால் எந்த டாக்டரும் முதலில் ரத்தக்கசிவைத்தான் நினைப்பார்.

அந்த அம்மாவின் நெற்றியில் சுக்குப் பத்து காய்ந்து உதிர்ந்துகொண்டிருந்தது. பித்தம் என்று நினைத்து எலுமிச்சம்பழமும் பிழிந்து கொடுத்திருக்கிறார்கள். பத்தை ஈரப் பஞ்சால் துடைத்தேன். கொண்டையில் இருந்த ஊசி, கிளிப், பூ எல்லாவற்றையும் எடுத்தாயிற்று. தோடு வந்துவிட்டது, மூக்குத்தி வரவில்லை. கல்யாணத்துக்குப் போட்ட திருகாணி, இனி ஆசாரிதான் கழற்ற வேண்டும். பரவாயில்லை, உலோகம் இருக்கிற மட்டத்தில்தான் கோடு கோடாக விழும். நமக்கு வேண்டிய இடம் அதற்கு மேலே. வாந்தி வருகிறவரை மல்லாக்கப் படுக்க வைப்பதுதான் உண்மையான பயம். ட்ரே ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, "ரெண்டு நிமிஷம் ஆடாம இருங்கம்மா, வாந்தி வந்தா கையை மட்டும் தூக்குங்க" என்று சொல்லிவிட்டுக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் வந்தேன்.

படம் எடுக்கச் சில விநாடிதான். கீழிருந்து மேலே ஒவ்வொரு வெட்டாகத் திரையில் ஏறும். மூளையின் அடிப்பகுதியில், கண்ணுக்குப் பின்னால் நடு மையத்தில், நட்சத்திர வடிவில் ஓர் இடம் உண்டு. அதில் தெளிந்த நீர் இருப்பதால் சாதாரணமாகக் கறுப்பாகத் தெரியும். ரத்தம் கசிந்திருந்தால் அதே நட்சத்திரம் விடிகாலை வாசலில் போட்ட மாவுக்கோலமாக வெள்ளையில் எழும்பி நிற்கும். அந்த அம்மாவுக்கு அப்படித்தான் நின்றது. நடுவில் இருந்து இரண்டு பக்கமும் காதை நோக்கிப் போகிற பிளவுகளிலும் வெள்ளை. ரேடியாலஜிஸ்டைக் கூப்பிட்டேன். அவர் வந்து பார்த்துவிட்டு நேராக டாக்டருக்குப் போன் போட்டார். அறிக்கை டைப் ஆகிறவரைக்கும் காத்திருக்கிற விஷயம் இல்லை இது.

வெளியே வந்ததும் மகன் கேட்டார்: "கீழயே விழல சார், எப்படி ரத்தம் வரும்?"

எல்லாரும் கேட்கிற கேள்விதான். மூளைக்கு மூன்று உறை உண்டு. வெளியே கெட்டியாக டியூரா, அதற்குள் மெல்லிசாக அரக்னாய்டு, மூளையோடு ஒட்டிக் கிடக்கிற பயா. பின் இரண்டுக்கும் நடுவில்தான் அந்தத் தெளிந்த நீர். மூளைக்குப் போகிற பெரிய ரத்தக்குழாய்கள் அந்த நீருக்குள்ளேயே ஓடுகின்றன. குழாய் கிளை பிரிகிற இடத்தில் சுவர் பலவீனப்பட்டு உப்பியிருந்தால் அதற்கு அன்யூரிசம் என்று பெயர். அது கிழிந்தால் ரத்தம் நேராக நீரில் கலக்கும். அடிபடாமல் வருகிற இந்த வகைக் கசிவில் சுமார் 85 சதவீதத்துக்குக் காரணம் இதுதான். ரத்தக் கொதிப்பும் சிகரெட்டும் இதற்கு உரம் போடுகிற விஷயங்கள். சில குடும்பங்களில் வழிவழியாகவும் வரும்.

சி.டி. படத்தில் கறுப்பு வெள்ளை என்பதெல்லாம் எண் கணக்கு. தண்ணீருக்கு 0, காற்றுக்கு மைனஸ் 1000 என்று வைத்து மற்றதை அளக்கிறோம். மூளையைச் சுற்றி உள்ள நீர் 0 முதல் 15 வரை இருக்கும், மூளைச் சதை 25 முதல் 40 வரை, புதிதாக உறைந்த ரத்தம் 50க்கு மேல். இரும்புச்சத்து இருப்பதால்தான் ரத்தம் வெள்ளையாகத் தெரிகிறது என்று புதிதாக வேலைக்கு வருகிற பிள்ளைகள் சொல்வார்கள். முக்கியமான காரணம் ஹீமோகுளோபினில் இருக்கிற புரதம். அதனால் ஒரு சிக்கலும் உண்டு. ஹீமோகுளோபின் 10க்குக் கீழே இருக்கிறவருக்குக் கசிந்த ரத்தமும் வெளுத்து, மூளையின் சாம்பல் நிறத்தோடு கலந்து கண்ணை ஏமாற்றலாம். நம்மூர்ப் பெண்களில் எத்தனை பேருக்கு ரத்தசோகை இருக்கிறது என்று ஊருக்கே தெரியும். ரத்தப் பரிசோதனைச் சீட்டு பையில் இருந்தால் அதையும் வெளியே எடுங்கள் என்று நான் கேட்பது இதற்குத்தான்.

இந்த அளவுக்குப் பெயரே ஹவுன்ஸ்ஃபீல்டு எண். சி.டி.யை உருவாக்கிய காட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்டின் பெயர். 1971 அக்டோபர் 1-ஆம் தேதி லண்டன் அட்கின்சன் மார்லி மருத்துவமனையில் முதல் நோயாளிக்குத் தலை ஸ்கேன் எடுத்தார்கள். 1979-ல் ஆலன் கார்மாக்கோடு சேர்த்து அவருக்கு நோபல் பரிசு. அதற்கு முன்னால் இந்தக் கசிவைக் கண்டுபிடிக்க முதுகில் ஊசி போட்டு நீர் எடுப்பது, 1927-ல் போர்ச்சுகலில் எகாஸ் மோனிஸ் தொடங்கிவைத்த, ரத்தக்குழாயில் மருந்து செலுத்தி எக்ஸ்-ரே எடுக்கிற ஆஞ்சியோகிராம் ஆகியவைதான் வழி. முதல் மெஷினில் ஒரு வெட்டு எடுக்கவே நிமிஷக் கணக்கில் ஆகும். வாந்தி எடுக்கிற ஆளை வைத்துக்கொண்டு அந்தக் காலத்து டெக்னீஷியன் என்ன பாடுபட்டிருப்பார் என்று அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

சரி, மணிக் கணக்குக்கு வருவோம். மூளையைச் சுற்றியும் தண்டுவடத்திலும் சேர்த்து அந்த நீர் மொத்தம் சுமார் 150 மில்லிதான். ஆனால் உடம்பு ஒரு நாளைக்குச் சுமார் 500 மில்லி புதிதாகச் சுரக்கிறது. பழையது உறிஞ்சப்பட்டு, புதியது வந்துகொண்டே இருக்கும். கசிந்த ரத்தம் அந்த ஓட்டத்தில் கரைந்து, பரவி, சிதைந்து, நாளாக நாளாகத் திரையில் மங்கிப் போகும். 2011-ல் பி.எம்.ஜே. என்கிற பிரிட்டிஷ் மருத்துவ இதழில் கனடா டாக்டர்களின் ஆய்வு ஒன்று வந்தது. திடீர்த் தலைவலியோடு வந்த 3132 பேரைப் பார்த்தார்கள். அதில் 6 மணி நேரத்துக்குள் சி.டி. எடுத்தவர்கள் 953 பேர். அவர்களில் கசிவு இருந்த 121 பேரையும் சி.டி. விடாமல் பிடித்துவிட்டது. 6 மணி நேரம் தாண்டியவர்களில் பிடித்தது 100க்கு 86 பேர் போலத்தான். ஒரு வாரம் ஆகிவிட்டால் ஏறக்குறைய பாதிப் பேருக்குப் படத்தில் ரத்தமே தெரியாது.

இதில் ஒன்றைச் சேர்த்துப் படிக்க வேண்டும். நவீன மெஷின், படத்தைப் பார்த்தவர் அனுபவம் உள்ளவர், தலைவலி வந்த நேரம் உறுதியாகத் தெரியும் என்கிற நிலையில் வந்த முடிவு அது. மூன்றாவது இல்லையென்றால் முதல் இரண்டும் இருந்து பயனில்லை. "நேத்துல இருந்து" என்று மொட்டையாகச் சொன்னால் 6 மணிக் கணக்கை எங்கே இருந்து தொடங்குவது?

தாமதமாக வருகிறவர்கள் கதையையும் சொல்கிறேன். மாட்டுத்தாவணி காய்கறி மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிற அண்ணன் ஒருவர். கழுத்து வலி என்றுதான் வந்தார். மூட்டையைத் தோளில் ஏற்றும்போது பட்டென்று பின்மண்டையில் பிடித்தது, சுளுக்கு என்று நினைத்து ஊரில் போய் எண்ணெய் போட்டு நீவியிருக்கிறார்கள். மாத்திரை சாப்பிட்டால் கொஞ்சம் கேட்கும், திரும்ப வரும். குனிந்து முகவாயை நெஞ்சில் வைக்கச் சொன்னால் முடியவில்லை. ஸ்கேன் எடுத்தோம். கறுப்பு கறுப்பாகவே இருந்தது. ரேடியாலஜிஸ்டிடம், "அஞ்சாறு நாளாச்சு சார், பளு தூக்கும்போது பட்டுன்னு வந்ததாம்" என்று சொன்னேன். அவர் இன்னொரு தடவை மெல்லிய வெட்டுகளில் ஓட்டிப் பார்த்தார், மூளைக்குள் இருக்கிற நீர் அறைகளின் பின்பக்க மூலை வரை. மல்லாக்கப் படுத்தே கிடக்கிறவர்களுக்கு ரத்தம் அங்கேதான் போய்த் தங்கும். அங்கேயும் இல்லை. ஆனால் அறிக்கையில், கசிவு தெரியவில்லை, நாள் கடந்துவிட்டதால் முதுகு நீர் பரிசோதனை தேவை என்று எழுதினார்.

அந்த அண்ணனின் மனைவி என்னிடம் வந்து அழுதார். "ஸ்கேன்ல ஒண்ணுமில்லன்னுட்டாங்களேண்ணே, இன்னும் எதுக்கு முதுகுல ஊசி? கால் வராமப் போயிருமாமே." இந்தப் பயம் ஊர் முழுக்க இருக்கிறது. நான் சொன்னது இவ்வளவுதான்: தண்டுவடம் இடுப்புக்கு மேலேயே முடிந்துவிடுகிறது, ஊசி அதற்குக் கீழே வெறும் நீர் இருக்கிற இடத்தில் போகிறது, மிச்சத்தை டாக்டரிடமே கேளுங்கள். அவர் நிதானமாக உட்கார வைத்துச் சொன்னார், சம்மதித்தார்கள். வந்த நீரைச் சுழற்றித் தெளிய வைத்துப் பார்த்தபோது மஞ்சளாக இருந்ததாம். ரத்தம் சிதைந்து மஞ்சள் நிறம் ஆக சுமார் 12 மணி நேரம் எடுக்கும், பிறகு இரண்டு வாரம் வரைக்கும் தங்கும். சி.டி. கைவிட்ட நாட்களில் அந்த மஞ்சள் காட்டிக்கொடுக்கும். எம்.ஆர்.ஐ.யிலும் ஃப்ளேர் என்று ஒரு முறை, பழைய ரத்தத்தைக் காட்டுகிற வேறு சில முறைகள் இருக்கின்றன. அதுவும் நாள் கடந்தவர்களுக்குக் கைகொடுக்கும். அவருக்கு ஆஞ்சியோவில் முன்பக்கக் குழாய்கள் சேருகிற இடத்தில் சின்னதாக ஒரு அன்யூரிசம் தெரிந்தது. தொடை வழியாகக் கம்பி விட்டு சுருள் வைத்து அடைத்தார்கள். இப்போது மூட்டை தூக்குவதில்லை, கடையில் கணக்கு எழுதுகிறார்.

இதைவிடச் சிக்கல், ஆள் விழுந்தும் இருக்கிறார், ரத்தமும் இருக்கிறது என்கிற கேஸ். பைக்கில் இருந்து விழுந்தவர், பாத்ரூமில் விழுந்தவர். பொதுவாகப் பார்த்தால் மூளையைச் சுற்றி ரத்தம் வர முதல் காரணம் அடிபடுவதுதான். ஆனால் விழுந்ததால் ரத்தமா, ரத்தம் கசிந்ததால் மயங்கி விழுந்தாரா? அடியால் வந்த ரத்தம் பெரும்பாலும் வீக்கத்துக்கு நேர் கீழேயோ எதிர்ப்பக்கமோ, மூளையின் மேல்பரப்பு மடிப்புகளில் கிடக்கும். அன்யூரிசம் ரத்தம் அடிப்பகுதி நட்சத்திரத்தில் குவியும். இது எப்போதும் இவ்வளவு சுத்தமாகப் பிரிந்து தெரியாது. மேலூர் ரோட்டில் ஒருவர் விழுந்ததாக 108-ல் கொண்டு வந்தார்கள், விபத்துக் கேஸ் என்று போலீஸ் வரைக்கும் எழுதியாகிவிட்டது. பின்னால் உட்கார்ந்து வந்த பையன்தான், "மாமா வண்டிய ஸ்லோ பண்ணிட்டு ஒரு கையால தலையைப் பிடிச்சாரு, அப்புறம்தான் சாய்ஞ்சோம்" என்றான். அந்த ஒரு வார்த்தையில் அடுத்த பரிசோதனையே மாறியது.

அடுத்த பரிசோதனை என்றால் சி.டி. ஆஞ்சியோ. பிளெயின் படத்தில் வெள்ளை தெரிந்தால் முடிந்தவரை அதே டேபிளில் முடித்துவிடுவோம். முழங்கையில் கொஞ்சம் பெரிய ஊசி, அதன் வழியாக அயோடின் கலந்த மருந்து விநாடிக்கு 4, 5 மில்லி வேகத்தில் போகும். உடம்பெல்லாம் சுடும், ஒண்ணுக்குப் போய்விட்டோமோ என்று தோன்றும், ஒன்றும் ஆகியிருக்காது. இதை முன்னாடியே சொல்லாவிட்டால் பதறித் தலையை ஆட்டிவிடுவார்கள், படம் போச்சு. சிறுநீரகத்தின் நிலையைக் காட்டுகிற கிரியாட்டினின் எவ்வளவு, முன்னால் இந்த மருந்து ஒத்துக்கொள்ளாமல் போயிருக்கிறதா என்று கேட்பது சடங்குக்காக இல்லை. வெடித்த அன்யூரிசம் திரும்ப வெடிக்க முதல் 24 மணி நேரத்தில்தான் வாய்ப்பு அதிகம், அதனால்தான் இத்தனை அவசரம். பாத்ரூம் வரைக்கும்கூட நடக்க விடாமல் நர்ஸ் திட்டுகிறார் என்றால் காரணம் அதுதான்.

பிளெயின் படமே ஓரளவு திசை காட்டும். இரண்டு அரைக்கோளத்துக்கும் நடுப்பிளவில் ரத்தம் குவிந்தால் முன்பக்கச் சேர்க்கைக் குழாயைச் சந்தேகிப்பார்கள். ஒரு பக்கத்துப் பிளவில் மட்டும் நிறைந்தால் நடுமூளைத் தமனியை. நடுமூளைத் தண்டுக்கு முன்னால் மட்டும் கொஞ்சமாக நின்றால், 10 சதவீதம் பேருக்கு வருகிற, அன்யூரிசமே இல்லாத, பெரும்பாலும் நல்லபடியாக எழுந்து வீட்டுக்குப் போகிற வகையாக இருக்கலாம். அதற்கும் ஆஞ்சியோ எடுத்து உறுதி செய்யாமல் யாரும் விடமாட்டார்கள்.

என் தனிப்பட்ட எரிச்சல் ஒன்று. ஃபிலிமை ட்யூப் லைட்டுக்கு நேரே பிடித்து, போனில் போட்டோ எடுத்து, சென்னையில் இருக்கிற மச்சானுக்குத் தெரிந்த டாக்டருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவது. ஃபிலிமில் நாங்கள் அச்சடிப்பது தேர்ந்தெடுத்த சில வெட்டுகளை, ஒரே வெளிச்ச அளவில். ரேடியாலஜிஸ்ட் பார்க்கிறது நூற்றுக்கணக்கான மெல்லிய வெட்டுகளை, வெளிச்சத்தைக் கூட்டிக் குறைத்து. எலும்பை ஒட்டி மெல்லிசாகப் படிந்த ரத்தம் போட்டோவில் எந்தச் சாமி வந்தாலும் தெரியாது. முழுப் படமும் பதிந்த தட்டு கேளுங்கள், அல்லது லிங்க் கேளுங்கள், கொடுப்போம். அதை அனுப்புங்கள்.

ஐ.சி.யூ.வில் இருக்கிறவரை நாலைந்து நாள் கழித்துத் திரும்ப ஸ்கேனுக்குக் கொண்டு வரும்போது, "அதான் ஒருக்கா எடுத்தாச்சே தம்பி, காசுக்கா?" என்று கேட்கிறவர்களும் உண்டு. கேட்கலாம், கோபம் இல்லை. கசிந்த ரத்தம் நீர் வடிகிற வழியை அடைத்து, மூளைக்குள் நீர் தேங்கலாம். அதை முதலில் காட்டுவது காதுப் பக்கத்து நீர் அறைகள் அகலமாவது. 4-ஆவது நாளில் இருந்து 14-ஆவது நாள் வரைக்கும் ரத்தக்குழாய்கள் தாமாகவே சுருங்கி, மூளைக்கு ரத்தம் குறையலாம். அதைத் தாங்க வைக்கத்தான் நிமோடிபின் மாத்திரையை 4 மணி நேரத்துக்கு ஒரு தடவை, 21 நாள், நடுராத்திரியில் எழுப்பியாவது கொடுக்கிறார்கள். முந்தின நாள் பேசியவர் இன்று மந்தமாக இருக்கிறார் என்றால் இந்த இரண்டில் எது, அல்லது திரும்பக் கசிந்ததா என்று ஸ்கேன்தான் பிரித்துச் சொல்லும். ஒரு தலை ஸ்கேனின் கதிர்வீச்சு சுமார் 2 மில்லிசீவர்ட், இயற்கையாகவே நாம் ஒரு வருஷத்தில் வாங்குகிற அளவுக்குக் கிட்டத்தட்ட. சும்மா எடுக்கிற விஷயம் இல்லை, இந்த நிலையில் யோசித்துக்கொண்டு நிற்கிற விஷயமும் இல்லை.

அடுத்த பதிவில், படத்தில் வெள்ளையாகத் தெரிந்து வீட்டு ஆட்களைப் பதற வைக்கிற, ரத்தமே இல்லாத சமாச்சாரங்களைப் பற்றி எழுதுகிறேன். நடு மூளையில் ஒரு வெள்ளைப் புள்ளியை வட்டம் போட்டு எனக்கு அனுப்பியிருக்கும் அண்ணனுக்கு மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன்: உங்கள் ரேடியாலஜிஸ்ட் அறிக்கையில் அதைப் பினியல் சுண்ணாம்புப் படிவு என்று எழுதியிருக்கிறார், பினியல் என்பது மூளை நடுவில் இருக்கிற ஒரு சின்னச் சுரப்பி. வயதானவர்களில் நிறையப் பேருக்கு இருக்கிறதுதான். தூங்குங்கள்.